நைரோபி – மொயாலே பஸ்: சீட்டு பரவால்ல, செக்போஸ்ட்டு தான் தாங்கல

கென்யா தலைநகர் நைரோபிலேந்து வடக்கு எல்லை ஊரு மொயாலேக்கு பஸ்ல போய் வந்தேன். ரேட்டிங் முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 3. பஸ்ஸுக்கு மட்டும்னா நாலு தாராளமா குடுக்கலாம். மீதி ஒண்ணு எங்க போச்சுன்னு சொல்ல தான் இவ்ளோ நீளமா எழுதறேன், டிக்கெட் போட அவசரமா இருக்கறவங்க கீழ போய் கடைசி பாராக்கள மட்டும் படிச்சுக்கோங்க, கோச்சுக்க மாட்டேன்.

நான் நைரோபியில வேலைக்கு வந்து மூணு வருஷமாச்சு. தினம் ஆபீஸுக்கு வபேரா ஸ்ட்ரீட் வழியா தான் நடந்து போறேன், அது யாரு பேருன்னு ஒரு நாள் கூட யோசிச்சதில்ல, கென்யாட்டா அவென்யூ தெரியும் மொய் அவென்யூ தெரியும், வபேரான்னா ஏதோ மரம் பேரு போலன்னு நெனச்சிருந்தேன், நெஜமா. அது ஒரு ஆளு, தாவூதி தபாசோ வபேரா, வடக்குல இருக்கற ஐசியோலோ மாவட்டத்துக்கு முதல் ஆப்பிரிக்க டி.சி. (மாவட்ட ஆணையர்), சுதந்திரம் வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடி 1963 ஜூன்ல அவரையும் போரானா இனத் தலைவர் ஹாஜி கல்மா திதோவையும் சுட்டுக் கொன்னாங்கன்னு இந்த பஸ்ஸுல வச்சு தான் எனக்கு தெரிய வந்துச்சு. அந்த கதை பின்னாடி வரும்.

டிக்கெட் நைரோபிக்குள்ள ஈஸ்ட்லீங்கற ஏரியால எடுத்தேன். கம்பெனி பேரு சொல்லல, கேக்காதீங்க, இந்த ரூட்டுல ஓடறது எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி தான். 2,500 ஷில்லிங், எம்-பெசால (ஃபோன்லயே காசு அனுப்பறது) போட்டாச்சு, சின்ன துண்டு பேப்பர்ல சீட் நம்பர் எழுதி குடுத்தாங்க. சாயங்காலம் 6 மணிக்கு கிளம்பும்னாங்க, 7:40க்கு கிளம்புச்சு, அதுக்குள்ள மேல ஒரு மெத்தை, ரெண்டு சைக்கிள், ஒரு ஃப்ரிட்ஜ் ஏறிடுச்சு. சீட்டு ரெண்டு-ரெண்டு, சாயும், ஆனா பாதி தான் சாயும். சார்ஜிங் பாயிண்ட் எல்லா சீட்டுலயும் இருக்கு, எனக்கு வாச்சது செத்த பாயிண்ட். பின் சீட்டுல நாலு பேரு மிரா (தூக்கத்த விரட்டற ஒரு இலை) மென்னுட்டு விடிய விடிய பேசிட்டே வந்தாங்க, மிரா மென்னா தூக்கம் வராது, பக்கத்துல இருக்கறவனுக்கும் வராதுங்கறது எனக்கு புதுசு. ஐசியோலோல நடுராத்திரி ஒரு சாய், அப்புறம் ஒரே இருட்டு, கண்ண முழிச்சா விடிஞ்சிருக்கு, ரெண்டு பக்கமும் கருங்கல்லு கொட்டி வச்ச மாதிரி தீதா கல்கலு பாலைவனம், அது நடுவுல மை வச்சு கோடு போட்ட மாதிரி ரோடு. அந்த ரோடு ஒண்ணுக்கே ஒரு ஸ்டார் தனியா குடுக்கலாம். ஐசியோலோலேந்து மொயாலே வரைக்கும் 500 கிலோமீட்டர் சொச்சம், முழுசா தார் போட்டு முடிச்சே கொஞ்ச வருஷம் தான் ஆகுது. அதுக்கு முன்னாடி லாரி மேல மூட்டையோட மூட்டையா உக்காந்து, போலீஸ் துணைக்கு வந்தா தான் வண்டி நகரும்னு, ரெண்டு நாள் மூணு நாள் கூட ஆகுமாம்.

மொயாலேயில வேலை ரெண்டு நாள்ல முடிஞ்சுது. ஊர்ல பாதி கென்யா, பாதி எத்தியோப்பியா. சாப்பாடு நல்லாருந்துச்சு, அத பத்தி வேற ஒரு நாள் எழுதறேன்.

திரும்பி வர்றது தான் விஷயம். காலைல 5 மணி பஸ், இது டயத்துக்கு கிளம்புச்சு, பாராட்டணும். ஜன்னல் சீட்டு எனக்கு, பக்கத்துல வெள்ளை குல்லா போட்ட ஒரு பெரியவர், ரிட்டயர்ட் வாத்தியார், கர்பா துல்லா பக்கம் சொந்த ஊராம், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மொயாலே வந்துட்டு ஐசியோலோ வரைக்கும் போறாரு. பேரு வேணாம், ம்ஸேன்னே (சுவாஹிலில பெரியவர்) வச்சுக்கலாம், நானும் அப்படி தான் கூப்பிட்டேன்.

அவரு கேட்ட முதல் கேள்வி: "என்ன கிஜானா (தம்பி), கென்யாவுக்கா போற?"

நான் முழிச்சேன். "ம்ஸே, இப்ப நாம இருக்கறது கென்யா தானே?"

அவருக்கு சிரிப்பு தாங்கல, முன் சீட்டுக்காரர தட்டி போரானா பாஷைல அத சொல்லி அவரும் சிரிச்சாரு. வடக்குல யாரும் நைரோபி போறேன்னு சொல்றது கம்மியாம், கென்யா போறேன், கென்யால மழையா, கென்யாலேந்து பையன் வந்திருக்கான், இப்படி தான் பேச்சு. காமெடியா தான் இருந்துச்சு, முதல் செக்போஸ்ட் வர்ற வரைக்கும்.

ஊரை தாண்டி கொஞ்ச நேரத்துலயே நிறுத்தினாங்க. கண்டக்டர் "வித்தாம்புலிஷோ! வித்தாம்புலிஷோ!"ன்னு கத்தறாரு, ஐடி கார்டுகளாம். பஸ்ஸுல எல்லா கையும் ஒரே நேரத்துல பாக்கெட்டுக்கு போச்சு பாருங்க, நூறு தடவ பழகின டிரில் மாதிரி. எல்லாரும் இறங்கி வரிசையா நடந்து, கார்ட காட்டி, அந்த பக்கம் போய் நின்னு, பஸ் வந்ததும் மறுபடி ஏறணும். போகும்போது வடக்கால இந்த தொல்லை ரொம்ப இல்ல. தெக்கால திரும்பினா தான், கென்யாவுக்கு உள்ள வர்றவன்னு ஆயிடறீங்க. ஐசியோலோ வரைக்கும் நான் எண்ணினது 9, தூக்கத்துல ஒண்ணு ரெண்டு விட்டிருக்கலாம்.

என் பாஸ்போர்ட்டோட அட்டைய மட்டும் பாத்துட்டு போ போன்னுட்டாங்க. ம்ஸே கிட்ட கார்டு வாங்கி முன்னாடி பாத்து பின்னாடி பாத்து, எங்க பொறந்த, உங்க ஏரியா சீஃப் யாரு, எதுக்கு மொயாலே வந்த. 66 வயசு மனுஷன், முப்பது வருஷம் இந்த அரசாங்கத்தோட சம்பளத்துல பசங்களுக்கு தேசிய கீதம் சொல்லிக் குடுத்தவரு, அட்டெண்டன்ஸ்ல பேரு கூப்பிட்டா பையன் பதில் சொல்ற மாதிரி டக் டக்குன்னு சொல்றாரு. கோவமே இல்ல மொகத்துல. எனக்கு தான் கூச்சமா இருந்துச்சு, என் நாடே கிடையாது, எனக்கு தான் வேகமா கதவு திறக்குது.

பஸ்ல ஏறினதும் கேட்டேன், இது அல்-ஷபாப் (சோமாலியா தீவிரவாத குழு) பயத்துலயா? அதுவும் தான்னாரு, ஆனா அது நேத்து வந்தது, இது எங்க அப்பா காலத்துலேந்து இருக்குன்னாரு. அங்கேந்து ஆரம்பிச்சுது கதை. அவரு சொன்னத நான் வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சதோட சேத்து எழுதறேன், எது யாரு சொன்னதுன்னு கலந்து தான் வரும்.

பிரிட்டிஷ்காரன் 1926லயே இந்த வடக்கு பூரா மூடின மாவட்டம்னு சட்டம் போட்டுட்டான். நார்தர்ன் ஃப்ரண்டியர் டிஸ்ட்ரிக்ட், சுருக்கமா என்.எஃப்.டி. உள்ள வர பாஸ், வெளிய போக பாஸ். பள்ளிக்கூடம், ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம் கீழ மலைப்பக்கத்துக்கு, வடக்குக்கு ஒரு கொடிக்கம்பமும் நாலு போலீசும். 1960ல பக்கத்துல சோமாலியா சுதந்திரம் வாங்குது, அவங்க கொடில அஞ்சு முனை நட்சத்திரம், சோமாலி மக்கள் இருக்கற அஞ்சு நிலத்துக்கு அஞ்சு முனை, அதுல ஒரு முனை இந்த என்.எஃப்.டி. 1962ல லண்டன்லேந்து ஒரு கமிஷன் வந்து ஊர் ஊரா உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுச்சு, சோமாலிகள்ல பெரும்பாலும் பிரிஞ்சு போய் சோமாலியாவோட சேரணும்னாங்க. கேட்டு எழுதிக்கிட்டு போனாங்க, 1963 மார்ச்ல வந்த முடிவு வேற, என்.எஃப்.டி கென்யாவுக்குள்ளயே, சோமாலிகளுக்கு வடகிழக்குன்னு ஒரு மாகாணம் மட்டும். சோமாலியா கோவத்துல பிரிட்டனோட உறவையே முறிச்சுது. மே மாசம் தேர்தல், சோமாலிகள் ஓட்டுப் போட போகல. ஜூன்ல தான் வபேராவும் கல்மா திதோவும் செத்தது, ரெண்டு பேரும் கென்யாவோடயே இருக்கணும்ங்கற பக்கம். போரானாக்குள்ளயே ஒரு வீட்டுல ரெண்டு கட்சி இருந்துச்சுன்னு ம்ஸே சொன்னாரு, அவங்க அப்பா ஒரு பக்கம் சித்தப்பா ஒரு பக்கம், யாரு எந்த பக்கம்னு மட்டும் கடைசி வரைக்கும் அவரு சொல்லல.

டிசம்பர் 12 சுதந்திரம். அதே மாசம், கொடி ஏத்தின துணி மடிப்பு கூட கலைஞ்சிருக்காது, வடகிழக்குல எமர்ஜென்சி. அந்த எமர்ஜென்சி எப்ப எடுத்தாங்கன்னு நெனைக்கறீங்க? 1991. நான் தேதிய ரெண்டு தடவ செக் பண்ணேன்.

சண்டை போட்டவங்களுக்கு அரசாங்கம் வச்ச பேரு ஷிஃப்டா. அம்ஹாரிக் வார்த்தை, கொள்ளைக்காரன்னு அர்த்தம். தனி நாடு, எல்லை, அரசியல்னு எதுவும் பேச வேண்டியதில்ல பாருங்க, திருடன்னா திருடன். அவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, மொகதிஷு ஆயுதம் குடுத்துச்சு, ரேடியோவுல தூபம் போட்டுச்சு, போகப் போக ரோட்டுல கண்ணிவெடி, இவங்களோட சேராத சொந்த ஜனத்தோட மாட்டையும் ஓட்டிட்டு போனாங்க. சுதந்திர கென்யாவோட முதல் தலைவர் கென்யாட்டா நிலமையும் புரியாம இல்ல, 1964 ஜனவரில லானெட் ராணுவ முகாம்ல சொந்த பட்டாளமே கலகம் பண்ணி அத அடக்க பிரிட்டிஷ் சிப்பாய கூப்பிட வேண்டியதாச்சு, 1966 வரைக்கும் ராணுவத் தளபதியே பிரிட்டிஷ்காரர் தான், வடக்க விட்டா அடுத்து யாரு கேப்பாங்கன்னு தெரியாது, ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பும் 1964ல கெய்ரோவுல கூடி வெள்ளைக்காரன் போட்ட கோட்ட யாரும் தொடக்கூடாதுன்னு தீர்மானம் போட்டாச்சு. விட்டுக் குடுக்க முடியாதுன்னு அவரு நெனச்சதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

ஆனா 1966ல பண்ணது இருக்கே.

ஜனங்கள மந்தையோட அலைய விட்டா கொரில்லாவுக்கு பாலும் கறியும் போகும்னு, எல்லாரையும் கூட்டிட்டு வந்து மன்யாட்டாங்கற அடைப்பு கிராமத்துல போட்டாங்க. முள்வேலி, காவல், காலைல எண்ணிக்கை சாயங்காலம் எண்ணிக்கை. வெளிய தடை பண்ண ஏரியாவுல மாடு மேஞ்சா மாட்டயும் சுடலாம் மேய்க்கறவனயும் சுடலாம். இது யாரோட ஐடியா? மௌ மௌ (1950கள்ல பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்து நடந்த ஆயுதக் கலகம்) காலத்துல பிரிட்டிஷ்காரன் கிகுயு ஜனத்த இதே மாதிரி தான் வேலி கிராமத்துல அடைச்சான், அந்த மௌ மௌ கேஸ்ல தான் கென்யாட்டா ஜெயில்ல இருந்தாரு. பத்து பன்னெண்டு வருஷம் தான் ஆச்சு, அதே புஸ்தகத்த எடுத்து வேற ஜனத்து மேல படிச்சாங்க.

ம்ஸேக்கு அப்ப எட்டு வயசு. அவரு சொன்னது ஆடு பத்தி மட்டும் தான். "எங்க கிட்ட ஒட்டகம் இருந்துச்சு, ஆடு இருந்துச்சு. முகாம சுத்தி புல்லு ரெண்டு வாரத்துல முடிஞ்சுது. ஆடு முதல்ல கத்திச்சு, அப்புறம் கத்தறத விட்டுடுச்சு. அம்மா முள்ளு மரத்துக் காய உலுக்கி உலுக்கி போடுவா. ஒரு நாள் எண்ணினோம், பதினேழு. அடுத்த தடவ எண்ண வேண்டிய தேவை இருக்கல." ஒட்டகம் என்ன ஆச்சுன்னு கேட்டேன், கைய ஜன்னல் பக்கம் காட்டினாரு, அவ்ளோ தான். ஐசியோலோ பக்கத்து போரானாக்கள் அந்த காலத்துக்கு வச்ச பேரு காஃப் தாபா, எல்லாம் அப்படியே நின்னு போன காலம்னு அர்த்தமாம். மழைய வச்சும் ஆண்டுப் பேர வச்சும் காலம் எண்றவங்க, அங்க வந்து எண்ணிக்கை நின்னுடுச்சு.

அரசாங்கம் அதுக்கு வச்ச பேரு வளர்ச்சி. ஒரு இடத்துல இருந்தா பள்ளிக்கூடம் வரும் மருந்து வரும்னாங்க. வந்துச்சான்னேன். ம்ஸே கொஞ்சம் யோசிச்சாரு. "வந்துச்சு. அந்த முகாம் பள்ளிக்கூடத்துல தான் நான் எழுத்து கத்துக்கிட்டேன். ஆடு பொழச்சிருந்தா நான் வாத்தியார் ஆயிருக்க மாட்டேன்." சந்தோஷமா சொன்னாரா வருத்தமா சொன்னாரான்னு எனக்கு இன்னிக்கும் தெரியல.

1967 அக்டோபர்ல டான்சானியாவோட அருஷால சமாதானம், சோமாலியா பிரதமர் எகால், நடுவுல ஜாம்பியா ஜனாதிபதி கவுண்டா. பேப்பர்ல சண்டை முடிஞ்சுது, எமர்ஜென்சி அப்படியே இருந்துச்சு. 1970ல ஒரு சட்டம், 1963 டிசம்பர் 25லேந்து 1967 டிசம்பர் 1 வரைக்கும் அந்த பகுதில பட்டாளமும் போலீசும் பண்ணதுக்கு யாரும் கோர்ட்டுக்கு போக முடியாதுன்னு. இத ம்ஸே சொன்னப்ப பஸ் மார்சபிட்ல நிக்குது, பாலைவனத்து நடுவுல திடீர்னு மலை, பனி, குளிரு, ஒட்டக பால்ல ஒரு சாய் (நல்ல சாய், கொஞ்சம் புகை வாசம் அடிக்கும், பிடிக்கலன்னா கறுப்பு சாய் கேளுங்க). இந்த மார்சபிட் காட்டுல அகமதுன்னு ஒரு யானை இருந்துச்சு, தந்தம் தரைய தொடும். அத யாரும் தொடக்கூடாதுன்னு கென்யாட்டா தனி ஆணை போட்டு காவலுக்கு ஆளும் வச்சாரு. எந்த வருஷம்? அதே 1970. யானை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, நைரோபி மியூசியத்துல அதோட சிலைய பாத்து ஃபோட்டோ கூட எடுத்திருக்கேன். ஆனா ஒரே வருஷத்துல யானைக்கு காவல், ஆளக் கொன்னதுக்கு மன்னிப்புன்னா, டீ உள்ள எறங்கல.

சண்டை முடிஞ்ச அப்புறமும் இந்த பக்கம் காசு வரல. 1965லயே அரசு கொள்கை பேப்பர் நம்பர் 10ல எழுதி வச்சிருக்காங்க, நல்ல மண்ணு, மழை இருக்கற இடத்துல தான் முதலீடு பண்ணணும்னு. அப்ப வடக்கு? அதனால தான் இந்த ரோடு வர அம்பது வருஷம் ஆச்சு. ரோடுக்கு முன்னாடி இங்க வந்தது செக்போஸ்ட்டு.

அடுத்து நடந்தது தான் அந்த ஒரு ஸ்டார் குறைஞ்ச காரணம். மார்சபிட் தாண்டி ஒரு செக்போஸ்ட், எதுன்னு சொல்லல. காலேஜ் படிக்கற பொண்ணு ஒண்ணு, ஐடி கார்டுக்கு அப்ளை பண்ணி இன்னும் வரல, கைல ரசீது துண்டு மட்டும். வடக்குல ஐடி வாங்கறதுக்கு மத்தவங்களுக்கு இல்லாத ஒரு தனி விசாரணைக் குழு இருந்துச்சு, தாத்தா யாரு பாட்டி யாருன்னு, 2025 பிப்ரவரில வாஜிர்ல வச்சு ஜனாதிபதி ரூட்டோ அத ரத்து பண்ணி கையெழுத்து போட்டாரு. ஆனா நான் போனது அதுக்கு முன்னாடி. பொண்ண தனியா நிறுத்திட்டாங்க. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். டிரைவர் ஹாரன் அடிக்கறாரு, லேட்டாகுது விட்டுட்டு போலாம் பின்னாடி வர்ற வண்டில வரட்டும்ங்கறாரு. ஒரு கம்பெனி டிக்கெட் வித்து ஏத்தின பயணிய ரோட்டுல விட்டுட்டு போறேன்னு டிரைவர் சொல்றது எந்த ஊர் சர்வீஸ்ங்க? கண்டக்டர் தான், இருபத்திரெண்டு வயசு இருக்கும் அந்த பையனுக்கு, சாவிய புடுங்காத குறையா சண்டை போட்டு, அங்க போய் நின்னு கெஞ்சி, யாருக்கோ ஃபோன் போட்டு, நாப்பது நிமிஷம் கழிச்சு பொண்ண கூட்டிட்டு வந்தான். பஸ்ல ஒருத்தரும் ஏன் லேட்டுன்னு கேக்கல. அந்த பையனுக்கு மட்டும் ஆறு ஸ்டார்.

மத்தபடி டிப்ஸ்: மொயாலேலேந்து வரும்போது வலது பக்க ஜன்னல் கேளுங்க, மத்தியானத்துக்கு மேல வெயில் சுடும், ஆனா ஒலோலோக்வே மலை அந்த பக்கம் தான், தலைய சீவி எடுத்த மாதிரி தட்டையா நிக்கும், அத பாக்க வெயில் வாங்கலாம். ஆர்ச்சர்ஸ் போஸ்ட் பாலம் வந்ததும் ஆத்துல எட்டி பாருங்க. டாய்லெட் ஸ்டாப் மொத்தம் மூணு, தண்ணி நம்பி குடிக்காதீங்க. ஐடி, பாஸ்போர்ட் எல்லாம் சட்டை பாக்கெட்டுலயே வச்சுக்கோங்க, மேல பைல வச்சா ஒன்பது தடவ ஏணி ஏறணும்.

ஐசியோலோல ம்ஸே எறங்கினாரு. கர்பா துல்லா வண்டிக்கு போகும்போது திரும்பி, "கென்யா போய் சேந்ததும் வபேரா ஸ்ட்ரீட்ல ஒரு சாய் குடி, என் கணக்குல"ன்னாரு. அவரு பைய எறக்கின எடத்துல பொம்பளைங்க வரிசையா மஞ்சள் ஜெர்ரிகேன் ஏத்தினாங்க, ஒட்டகப் பால், ஈஸ்ட்லீ கடைகளுக்கு இங்கேந்து பஸ்ல தான் போகுதாம், தினமும். எத்தன ஒட்டகம் இருந்தா இவ்ளோ பால்னு எண்ணிட்டே இருந்தேன்.

அதுல ஒரு கேன் மூடி சரியில்ல. ராத்திரி 9 மணிக்கு ஈஸ்ட்லீல பைய எடுத்தா பூரா பால், லேப்டாப் கவர் வரைக்கும். கவுண்டர்ல போய் கேட்டேன், துவைச்சா போயிடும்னாங்க. ரெண்டு தடவ துவைச்சாச்சு, இன்னும் அந்த புகை வாசம் அடிக்குது.